முதலாளியின் தமிழ்

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்து அவள் ஒரு காலை உள்ளே வைத்ததும், கடையின் பின்பக்கத்தில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"மந்திரி, செருப்பை அங்கேயே விட்டுட்டு வா. தரை ஈரமா இருக்கு."

அவள் செருப்பைக் கழற்றினாள். கழற்றியதைக் காலாலேயே சுவரோரம் ஒதுக்கினாள். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

அப்பா முந்தின நாள் மதியம் இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அலமாரித் தட்டுபோல வெளியே இழுக்கிற ஒரு தட்டில் அவரை அவளே பார்த்துவிட்டு வந்திருந்தாள். உடம்புக்குப் போட்டுவிட நல்ல சட்டை ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டவருக்கு வீட்டு அலமாரியில் இருந்ததெல்லாம் காலர் நைந்த சட்டைகள்தான். நல்லதாக இரண்டு மூன்று இந்தச் சலவைக்கடையில் தொங்கும். அதை எடுக்கத்தான் வந்தாள்.

கூரையை ஒட்டி ஓடும் கம்பியில் துணிகள் வரிசையாகத் தொங்கின. கோட்டுகள், நீள உடுப்புகள், ஓட்டல் சிப்பந்திகளின் சீருடைகள். எல்லாவற்றுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. சுவிட்சைத் தட்டினால் கம்பி நகரும், துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வரும். தலையைத் தொலைத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லி அப்பா அவளைச் சின்ன வயதில் சிரிக்க வைப்பார். இப்போது கம்பி ஓடிக்கொண்டிருந்தது. உறைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பதுபோல இருந்தது.

"யாரு?" என்றாள்.

மறுபடியும் அந்தச் செருமல். "வேற யாரு இருக்கப் போறா? வா, வா. நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்."

அப்பாவின் குரல்தான். "வா, வா" என்பதில் இரண்டாவது "வா"வை அமுக்கிச் சொல்வதுகூட அப்பாதான். ஒரு நீளக் கோட்டு நகர்ந்து போனது. அந்த இடைவெளியில் நீராவி தெரிந்தது. நீராவிக்குப் பின்னால், இஸ்திரி மேசையில் குனிந்தபடி முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்கு மந்திரி என்பதுபோல, அவருக்கு முதலாளி என்பதும் அப்பா வைத்த பெயர். அந்த நாட்டில் வெளியாள் தன் பெயரில் கடை திறக்க முடியாது. குடியுரிமை உள்ள ஒருவரைக் கூட்டுச் சேர்க்க வேண்டும். பெரிய பங்கு அவருக்கு; பலகையில் அவர் பெயர்; அதிகாரி வந்தால் கேட்பதும் அவரைத்தான். அப்பா ஓர் ஓட்டலின் நிலவறையில் பல வருஷம் துணி வெளுத்துச் சேர்த்ததை வைத்து முதலில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தார். இயந்திரங்கள் வந்து இறங்கிய வாரமே அந்த ஆள் பூட்டை மாற்றிவிட்டான். தன் இயந்திரங்களைத் தானே தெருவில் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார் அப்பா. புகார் கொடுக்கவும் வழியில்லை. கடை அவன் கடை.

இரண்டாவதாகக் கிடைத்தவர்தான் இவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குடும்பம் கிடையாது. நெட்டையான ஆள், ஓட்டலுக்குப் பக்கத்திலிருந்த காப்பிக் கடையில் அப்பாவுக்கு முகப் பழக்கம். பெயரைத் தருகிறேன், பணம் பெரிதாக வேண்டாம், ஆனால் என் பெயர் இருக்கிற இடத்தில் தினமும் வந்து உட்காருவேன் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அப்படியே உட்கார்ந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி. மந்திரி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாள்வரை அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். வீட்டார் யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. "உக்காந்த இடத்துலேயே பங்கு வாங்கற ராசா" என்பாள்.

அந்த மனிதர்தான் அப்பாவின் வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோள்பட்டையை முதலில், பிறகு காலரின் உள்பக்கம். அப்பாவின் வரிசை.

"நீங்களா பேசினீங்க?"

அவர் செருமினார். "நான்தான். உக்காரு. டீ சாப்பிடறியா? வேண்டாம்னு சொல்லுவே, தெரியும்."

 உதடு அவருடையது, அதிலிருந்து வருவது அப்பா. அவள் தமிழை விட்டுவிட்டு அந்த ஊர் மொழியில், இதை எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தன் மொழியில் பதில் சொன்னபோது அவர் வேறு ஆளாகிவிட்டார். மெல்லிய, கூச்சமான குரல். செருமலே இல்லை.

அப்பா நாள் முழுக்கப் பேசுவாராம். கேட்க ஆளிருக்கிறதா, புரிகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டாராம். அடுத்த வீட்டு ரேடியோபோல இவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒருநாள் அப்பா சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்கு இவர் சிரித்துவிட்டார். அப்பா இஸ்திரியை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தாராம். அதன் பிறகு இவரும் பேச ஆரம்பித்தார்.

"எங்ககிட்ட ஏன் பேசல?" என்றாள்.

அவர் செருமிக்கொண்டு, அப்பா தன்னிடம் சொல்லிவைத்ததை அப்படியே தமிழில் சொன்னார். "வீட்ல வாயத் தொறந்துடாதே முதலாளி. என்னெல்லாம் சொன்னேன்னு அந்த அம்மா குடைஞ்சு எடுத்துடும்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் செருமலையும் அவர் மொழியில் சேர்த்தி என்றே நினைத்திருக்கிறார். தமிழில் வாயைத் திறக்கும் முன் அப்படிச் செய்தாக வேண்டும் என்று.

சட்டையை மடித்து உறைக்குள் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவள், "கடையை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். அம்மா அந்த நாட்டில் தங்கியிருந்ததே இந்தக் கடையை நம்பித்தான்.

"ரத்தத்தைச் சிந்தி வச்ச கடை," என்றார் அவர். "என் உயிர் இருக்கிற வரைக்கும் எவனுக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்."

அப்பா எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். இவர் சொன்னது அப்பா சொன்னதையா, இல்லை தன்னுடையதையா? "என் உயிர்" என்பதில் அந்த "என்" யார்? முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலேயே வந்து, தன் மொழியில், கடைசி நேரத்தில் நான்தான் அவர் தலையைப் பிடித்திருந்தேன், அவர் பேசியதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன், சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் அவள். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

மறுநாள் காலை சித்தப்பா வந்து இறங்கினார். அப்பாவின் ஒரே தம்பி. விமானத்திலிருந்து வந்த சட்டையோடு அம்மாவின் எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடை யார் பேர்ல இருக்கு?"

அவள் சொன்னாள். சித்தப்பாவின் துண்டு பாதி முகத்தில் நின்றது.

"அண்ணன் இத்தனை வருஷமா போன்ல என் கடை, என் கடைன்னுதானே சொன்னாரு?"

"அப்பாவோட கடைதான் சித்தப்பா. பேருதான் அவரோடது."

"பேரு அவனுதுன்னா கடையும் அவனுதுதாம்மா. நாளைக்குப் பூட்டைத் தொங்க விட்டான்னா நீங்க ரெண்டு பேரும் தெருவுல." குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் கடையில விழும்போது கூட யாரு இருந்தா?"

"அவரு மட்டும்தான்."

 சித்தப்பா தலையை மேலும் கீழும் ஆட்டிய விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. கடைக்குள் தான் கேட்டதை இவர்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது? அப்பா பேசினார் என்றா?

அம்மா இது எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டு நாளாக அவளிடம் இருந்தது ஒரே கேள்வி. ஆம்புலன்ஸில் வந்த பையன்களிடம், டாக்டரிடம், சவக்கிடங்கில் கையெழுத்து வாங்கிய பெண்ணிடம், எல்லாரிடமும் அதையே கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள். "ஏதாச்சும் சொன்னாரா?" எல்லாரும் ஒரேமாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். நாங்கள் வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

தட்டில் போட்டு வைத்த சோற்றை அம்மா தொடவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தவள், "ஒண்ணுமே சொல்லாம போற ஆளா அவரு?" என்றாள். "தூக்கத்துலகூட யாரோடயாவது பேரம் பேசுவாரு."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுவிட்டு நின்றாள்.

*

தகனக் கூடத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான். அப்பாவோடு ஓட்டலில் வேலை பார்த்த இருவர், எதிர்க் கடை பூட்டு ரிப்பேர்க்காரர், கண்ணாடிக் கடையிலிருந்து அவளுடைய மேலாளர். முதலாளி கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டில் நின்றார். வெளிர்நீலச் சட்டையில் அப்பா விறைப்பாக, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கிளம்பியவர்போல இருந்தார். திரை மூடிய பிறகு சுவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று பெருமூச்சு விடுவதுபோல ஓட ஆரம்பித்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள்.

வாகனங்கள் நிற்கும் இடத்தில் வெயிலில் கண் கூசியது. அம்மாவை டாக்சியில் உட்கார வைத்துக் கதவைத் திறந்தே விட்டிருந்தாள். சித்தப்பா சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார்.

"பாப்பா, இங்க வா. நான் கேக்கறத அவன்கிட்டக் கேளு."

"இப்ப வேணாமே சித்தப்பா."

"இப்ப இல்லாம எப்ப? நான் நாளன்னைக்குக் கிளம்பணும். கடையை என்ன பண்றதா உத்தேசம்னு கேளு. அண்ணனோட உழைப்புக்கு என்ன பதில்னு கேளு."

அவள் டாக்சியின் திறந்த கதவைப் பார்த்தாள். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூஞ்சியைப் பாரு, கல்லுளிமங்கன் மாதிரி! ஒண்ணும் தெரியாதவனாட்டம் நிக்கறான். அண்ணன் தலை சாய்ஞ்சப்ப இவன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்? உக்காந்து வேடிக்கை பார்த்தானா? கேளும்மா! இவன் கையில சாவியைக் குடுத்துட்டு நாம எல்லாரும் வாயில விரல வச்சுக்கிட்டு..."

செருமல் கேட்டது.

"டேய் பொடியா," என்றது அப்பாவின் குரல். "எதுக்குடா இப்பக் கத்தறே? உனக்குத்தான் பிரஷர் இருக்கே, மாத்திரை போட்டியா?"

வாரம் தவறாமல் கடையிலிருந்து தம்பிக்குப் போன் பேசுவார் அப்பா. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

சித்தப்பாவின் கையிலிருந்த சிகரெட் விழுந்தது. அறுபதை நெருங்குகிற மனிதர். முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. "போட்டேன்ணே" என்றார். சொல்லிவிட்டு, சொன்ன வாயையே பொத்திக்கொண்டார்.

பூட்டுக்காரர் தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். புகைபோக்கிக்கு மேல் காற்று மட்டும் கானல்போல நெளிந்தது. டாக்சியின் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. அம்மா இறங்கி வந்தாள். புடவையைச் சரிசெய்துகொள்ளவில்லை. கண் சிவந்திருந்ததே தவிர முகத்தில் கலவரம் இல்லை. வெகுநேரம் தேடிய ஒன்றை வேறொருவர் வீட்டில் கண்டுவிட்டவளைப்போல, கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தபடி வந்தாள்.

முதலாளிக்கு எதிரே வந்து நின்றாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளு," என்றாள்.

மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவசியமிருக்கவில்லை.

"ஏதாச்சும் சொன்னாரா?" என்று அம்மாவே கேட்டுவிட்டாள்.

முதலாளி தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை செருமவில்லை. முதலில் வந்தது மூச்சு. இழுத்து, பாதியில் சிக்கி, விசில்போல வெளியேறிய ஒரு மூச்சு. பிறகு தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அவருக்கு எது சொல், எது வலி என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் அப்படியே சொன்னார்.

"ஏம்மா... ம்ம்ஹ்... ஏம்மா, அந்த ஜன்னலைச் சாத்தேன்... குளிருது. ஹா... குளிருதும்மா. நீ... நீ சாப்பிட்டியா?"

பிறகு இன்னொரு மூச்சு. அது உள்ளே போனது. வெளியே வரவில்லை.

அந்தக் கடையில் ஜன்னல் கிடையாது. நீராவி கொதிக்கும் இடம். குளிர்காலத்திலும் அங்கே பனியனோடுதான் வேலை.

"சாப்பிட்டேங்க," என்றாள் அம்மா.

இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் அவள் வாயில் பட்டிருக்கவில்லை. மணிக்கட்டில் அம்மாவின் நகம் அழுந்துவதை மகள் உணர்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

"அம்மா..."

"சொல்லச் சொல்லுடி."

அவர் சொன்னார். அதே மூச்சு, அதே உருட்டல், அதே இடத்தில் "ஏம்மா". ஓர் எழுத்துகூட மாறவில்லை. சித்தப்பா, "போதும் அண்ணி, போதும்" என்று சொல்லிக்கொண்டே போய் டாக்சியின் பின்பக்கம் கையூன்றிக் குனிந்து நின்றார்.

அம்மா கேட்டு முடித்து, புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாம்," என்றாள். "பசிக்குது."

*

சித்தப்பா கடையைப் பற்றி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில், "அந்த ஆளு எங்கயாச்சும் எனக்குப் போன் கீன் பண்ணிடப் போறாரு, நம்பர் குடுத்துடாதே" என்று மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவள் சரி என்று சொல்லும்வரை உள்ளே போகவில்லை.

முதலாளி பூட்டை மாற்றவில்லை. அம்மா தங்குவதற்கான அனுமதி முடியவிருந்த வாரத்தில், யாரும் கூப்பிடாமல் அவரே அந்த அலுவலகத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டோடு கவுன்டரில் நின்று, இந்தப் பெண்மணி என் கடையில் வேலை செய்கிறார், இவர் இல்லாமல் கடை ஓடாது என்று தன் மெல்லிய குரலில் தன் மொழியில் சொன்னார். அந்தப் பொய்யை உண்மையாக்க அம்மா மறுநாளே கடைக்குப் போனாள். பித்தான் தைப்பது, விளிம்பு மடித்து அடிப்பது, கிழிசல் மூடுவது. லாபத்தில் அப்பாவின் பங்கு வழக்கம்போல வீட்டுக்கு வந்தது. மகளுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. முதலாளியைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் பரிகாரமாக அவரோடு நட்பாகப் பேச வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மாலை அம்மாவை அழைத்துவரப் போனபோது அவரோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு சொல்லைப் பிசகாகச் சொன்னார். "கொக்கி" என்பதற்குக் "கொக்கு" என்றார். "பேண்ட்டுல கொக்கு உடைஞ்சுபோச்சு." அப்பா வேண்டுமென்றே அப்படிச் சொல்லியிருப்பார். அவள் சிரித்துவிட்டுத் திருத்தினாள். அவர் அக்கறையாக, அவளுடைய குரலிலேயே, "கொக்கி" என்று திருப்பிச் சொன்னார்.

 வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மா திரும்பினாள்.

"இனிமே அவருக்கு எதையும் சொல்லிக் குடுக்காதே."

"ஏம்மா? தப்பா சொன்னாரேன்னு..."

"தப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உங்கப்பா பேச்சுல உன் பேச்சு கலக்க வேணாம்." தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "என் பேச்சும்" என்றாள்.

அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. கடையில் அம்மா தமிழே பேசுவதில்லை. நூல் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறாள். மற்றதற்கெல்லாம் அந்த ஊர் மொழியில் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகள். வாய் ஓயாமல் பேசுகிறவள், பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டால் பாத்திரம் தீயும்வரை நிற்கிறவள், காலையில் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனால் மாலையில் வெளியே வரும்வரை வாயைத் திறப்பதில்லை.

அடுத்த விடுமுறை நாளில் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மகள் கடைக்குப் போனாள். கம்பி ஓடவில்லை. தொங்கிய துணிகள் அசையாமல் இருந்தன. இஸ்திரிப் பெட்டி சீறும் சத்தமும், அதற்கு இடையிடையே அந்தக் குரலும் வந்தன. மழைக்காலத்தில் கம்பளி காயாத எரிச்சலைப் பற்றி, ஓட்டல்காரன் எப்போதும் அவசரப்படுத்துவதைப் பற்றி, மந்திரிக்கு ஒரு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி, நேற்றுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடருவதுபோல அது பேசிக்கொண்டே போனது.

அவள் ஒரு கோட்டை ஒதுக்கிப் பார்த்தாள். அம்மா முதலாளிக்கு முதுகு காட்டி, துணி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடையதோ ஒரு சட்டை. அங்கிருந்து பார்த்தால் அவர் தெரிய மாட்டார். தொங்கும் துணிகள்தான் தெரியும்.

"அம்மா" என்று கூப்பிட மகள் வாயெடுத்தாள். அம்மா நிமிர்ந்து, ஊசி பிடித்த விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு செருமல். "என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறே?"

பதிலுக்காகக் குரல் சற்று நேரம் நின்றது. அம்மா ஊசியைப் பித்தானின் ஓட்டைக்குள் செலுத்தி, நூலைச் சத்தமில்லாமல், நீளமாக இழுத்தாள்.